உறுதியில் இல்லாத பெயர்

மாணவப் பருவத்தில் ஆவணித் திருவிழாவுக்கு முன்னேஸ்வரம் சென்றபோதெல்லாம் நாம் தேரைக் கண்டோம்; தெதுறு ஓயாத் தீர்த்தத்தில் மூழ்கினோம். வழிநெடுகக் கிடந்த வயல்களைக் கண்டிலோம்.

அக்கோயிலுக்கு 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு நிலம் வழங்கிய கல்வெட்டு உண்டு. போர்த்துக்கேயர் இடித்த கோயிலை மீள எடுப்பித்த கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும் 18ஆம் நூற்றாண்டில் மானியம் விட்டான். ஈந்தவர் பெயர் நிலைத்தது. உழுதவன் பெயரை யாவர் பொறித்தார்?

எனினும் அவன் சுவடு அளவையில் நிற்கின்றது. பண்டு இந்நாட்டார் வயலைப் பெரும்பாலும் கோல்கொண்டு அளந்திலர்; இத்தனை அவண விதைப்பு என்றே கூறினர். சிங்கள மக்கள் அதனை அமுண என்பர். நிலத்தின் வளத்துக்கேற்ப அதன் பரப்பும் மாறும். ஆதலின் அளவை அறிந்தவன் விதைத்தவனே, அரசன் அல்லன்.

எம் தந்தையாரின் சிறு வயலை நாம் விற்றபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. விதைப்பளவையும் வரம்பையும் காட்டியவர், முப்பதாண்டு அதனை உழுத முதியவர். உறுதியில் எமது பெயர் இருக்கின்றது. அவரை 'அப்பு' என்றே அழைத்துவந்தோம். பெயர் யாதென்று கேட்டிலோம்.