ஒரே வரிசையில்

எங்கள் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைத்து, தை மாசியில் கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், கரிசல் வெடித்துக் கிடக்கும். கைகளுக்கு வேலை இராது. அப்போதுதான் கால்களுக்கு வேலை வரும். பங்குனி, சித்திரைப் பொங்கலுக்கு ஒயிலாட்டம் பழக வேண்டுமே!

காலில் சலங்கை, கையில் கைக்குட்டை. வரிசையாக நின்று, வாத்தியார் பாடுவதை வாங்கிப் பாடிக்கொண்டே ஆடுவார்கள். ராமாயணமோ வள்ளி திருமணமோ, ஏதாவது ஒரு கதை. மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். ஒருவன் கால் பிசகினால் வரிசை முழுவதும் பிசகும். தனிக் கெட்டிக்காரனுக்கு இதில் இடமே கிடையாது.

நான் சிறுவனாகப் பழகிய வருஷம், வரப்புத் தகராறில் பேச்சு அற்றுப்போன பங்காளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வாத்தியார் உயரப்படி நிறுத்தியதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"வாத்தியாரே, என்னை அந்தக் கோடிக்கு மாத்திருங்க" என்றார் ஒருவர்.

"வரப்பைக் காட்டிலேயே வச்சுட்டு வாப்பா. இங்கே காலைப் பாரு" என்றார் அவர்.

ஒரு மாதம் முழங்கை உரச ஆடினார்கள். பேசவில்லை. ஆனால் ஒருவர் சலங்கை அவிழ்ந்தபோது மற்றவர் குனிந்து கட்டிவிட்டதைப் பார்த்தேன். வழக்கு பிறகும் நடந்தது. அது வேறு விஷயம்.

நியூயார்க்கின் ஹார்லெமில் 1926-இல் திறந்து 1958-இல் மூடப்பட்ட சவாய் நடன மண்டபத்திலும், வெளியே விலகி வாழ்ந்த கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அங்கே வளர்ந்த ஸ்விங் ஆட்டத்துக்காக, ஸ்வீடனில் ஹெராங் என்ற சிற்றூரில் 1982-இல் ஒரு கோடை முகாம் தொடங்கியது. சவாயில் ஆடிப் பெயர் வாங்கி, பிறகு பல வருஷம் தபால் இலாகாவில் உழைத்த பிராங்கி மானிங் (1914–2009) முதிய வயதில் அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியார்களுக்கு எங்கும் ஒரே வேலைதான் போலிருக்கிறது.

எங்கள் ஒற்றுமையை மட்டும் மெச்சிக்கொண்டு போனால் அது பாதி உண்மை. பெண்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள் இன்னும் எட்ட நின்று பார்த்தார்கள். இதே வட்டாரத்துத் தேவராட்டமோ ராஜகம்பளத்து நாயக்கர்களுக்கே உரியதாக இருந்தது.

இப்போது பள்ளி, கல்லூரி விழாக்களில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும், பெண் குழந்தைகள் உட்பட, இரண்டையும் ஆடுகிறார்கள். மரபு கெட்டது என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையை உயரப்படி நிறுத்தினால் போதும். வேறு கணக்கு வேண்டாம்.