இரண்டு பெயர், ஒரே தட்டு

களப்பணியில் ஒலிப்பதிவு செய்யும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பிழையை வேறொருவர் செய்ய வேண்டாம்.

ஆதிலாபாத் பகுதியில் கோலாமி பேசும் முதியவர்களிடம் 11 மணி நேரம் பதிவு செய்திருந்தேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1 ஜிகாபைட் ஆகும். இவற்றைப் பாதுகாக்க, பழைய மேசைக்கணினி ஒன்றில் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவி, அதனுள் ஒரு மெய்நிகர் கணினியாக டிரூநாஸை இயக்கினேன். சேமிப்பகத்துக்கெனத் தனிக் கணினி வாங்க உதவித்தொகை இடம்தரவில்லை.

டிரூநாஸின் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, எழுதும் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணித்து வைக்கும். படிக்கும்போது எண் பொருந்தாவிடில், இணைத்தட்டிலுள்ள நல்ல படியைக் கொண்டு தானே திருத்திக்கொள்ளும். நானும் இரண்டு தட்டுகளை ஒன்றுக்கொன்று ஆடியாக அமைத்தேன். திரையில் பச்சைக் குறி தெரிந்தது. நிம்மதியாக உறங்கினேன்.

அவ்விரண்டும் மெய்நிகர் தட்டுகள். உருவாக்கும்போது கவனமின்றி இரண்டையும் ஒரே வன்தட்டில் வைத்துவிட்டேன். டிரூநாஸுக்கு அது தெரிய வழியில்லை. இரண்டு என்று காட்டப்பட்டதை இரண்டு என்றே கொண்டது. குறி வேறு, குறிக்கப்படும் பொருள் வேறு என்று முதுகலை முதலாண்டிலேயே படித்தவன் நான். வன்தட்டு பழுதானபோது இரண்டு படிகளும் ஒன்றாகப் போயின.

7 மணி நேரப் பதிவு மடிக்கணினியில் எஞ்சியிருந்தது. போன 4 மணி நேரமும் ஒரே மூதாட்டியின் பேச்சு. மறுபடி பதிவு செய்யச் சென்றேன். அவர் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. முன்பு நான் கொடுத்திருந்த மெமரி கார்டைப் பேரன் எடுத்துவந்தார். அதில் இருந்தது 40 நிமிட எம்பி3. "பாட்டியின் குரல் உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தோம், சார்" என்றார். எனக்கு மறுமொழி இல்லை.

எமனோவின் கோலாமி நூல் 1955இல் வெளிவந்தது. இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கிறோம். என் பதிவு இரண்டாண்டுகூட நிலைக்கவில்லை.

இப்போதும் டிரூநாஸ் மெய்நிகர் கணினியில்தான் இயங்குகிறது. ஆனால், தட்டுகளை இணைக்கும் கட்டுப்பாட்டு அட்டையை முழுமையாக அதனிடமே ஒப்படைத்துவிட்டேன். இதற்குப் பயாஸில் ஐஓஎம்எம்யூ வசதியை இயக்க வேண்டும். உண்மையான இரண்டு வன்தட்டுகளின் வரிசை எண்களும் உடல்நிலை அறிக்கையும் இனி நேரடியாகத் தெரியும். மாதம் ஒருமுறை முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் நடக்கிறது.

இவ்வளவு செய்தாலும் ஆடித்தட்டு காப்புநகல் ஆகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு தட்டிலும் அழியும். ஆகவே இன்னொரு படியை வேறு கட்டடத்தில் உள்ள நண்பரின் அறையில் வைத்திருக்கிறேன். மற்றொன்று, சுருக்கப்படாத முழு வடிவில், அந்த ஊரிலேயே இருக்கிறது. முதலில் அங்கேதான் கொடுத்திருக்க வேண்டும்.