தீராத சோர்வும் தேயாத அறிவும்

கால் ஒடிந்தவனுக்குக் கைகொடுக்க நாலு பேர் ஓடி வருகிறார்கள். உள்ளம் ஒடிந்தவனிடமோ, அறிவுரை மூட்டையை அவிழ்க்கத்தான் வருகிறார்கள்! "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பார் ஒருவர். "நாலு ஊர் போய் வா" என்பார் மற்றொருவர். மருந்துண்டும் குணம் காணாதவன் என்றாலோ கேட்கவே வேண்டாம். "எல்லாம் விதி" என்று தீர்ப்பளித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அந்தத் தீர்ப்பைப் பலமுறை கேட்டவன் நான். இருமுனைக் கோளாறு என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கும் நோய், 11 ஆண்டுகளாக என்னோடு குடியிருக்கிறது. சில வாரங்கள் உறக்கமே வேண்டாத உச்சிக்கு ஏற்றும். பிறகு மாதக்கணக்கில் பள்ளத்தில் தள்ளிப் பாறாங்கல்லால் மூடும். உச்சியை மருந்து அடக்கிவிட்டது. பள்ளத்தைத் தூர்க்க அதனால் இயலவில்லை. லித்தியம் தந்தார்கள், லாமோட்ரிஜின் சேர்த்தார்கள், குவெட்டியாபினும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் விடியும், எனக்கு விடியாது. பல் துலக்குவதே பகல் முழுவதற்குமான பெரும்பணியாய் எதிரே நிற்கும்.

அந்நாளில் இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று, உறவினர் குரல்: "விஞ்ஞானம் கைவிரித்துவிட்டது, மந்திரவாதியிடம் போவோம்." மற்றொன்று, என் நெஞ்சின் குரல்: "நீ கோழை, அதனால்தான் மருந்தும் உனக்குப் பலிக்கவில்லை."

முதற்குரல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாடு அறியும். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டவர்கள் எங்கே ஓடுவார்கள்? 28 உயிர்கள் பறிபோயின!

இரண்டாம் குரலோ, அறிவின் உடையணிந்து வருகிறது. ஆனால் உற்றுப் பாருங்கள். முன்னது, நோய்க்குப் பேயைக் காரணமாக்குகிறது. பின்னது, நோயாளியையே பேயாக்குகிறது. இரண்டும் காரணத்தை ஆராய்வதை விட்டுக் குற்றவாளியைத் தேடுகின்றன!

ஆராய்ந்தால் தெரிவது என்ன? லித்தியம் பித்தின் எழுச்சியைத் தணிக்கும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் எழுதினார். எழுச்சியை வென்ற அளவுக்குச் சோர்வை மருத்துவம் வெல்லவில்லை. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 366 நோயாளிகளைப் பற்றியது. மனநிலையை நிலைநிறுத்தும் மருந்தோடு, சோர்வு நீக்கும் மருந்தையும் சிலருக்குச் சேர்த்தார்கள். மற்றவருக்கு வெற்று மாத்திரையைச் சேர்த்தார்கள். நீடித்த நலம் கண்டவர், மருந்து சேர்த்தவரில் நூற்றுக்கு 23.5, வெற்று மாத்திரை உண்டவரில் 27.3! அத்தனை பேரும் கோழைகளா? மாத்திரை பலிக்காமை மனவலிமையின் குறையன்று. மருத்துவம் நடந்து கடக்கவேண்டிய தொலைவு அது.

அதே திட்டம் அதே ஆண்டில் நம்பிக்கை தரும் முடிவொன்றையும் தந்தது. மருந்தோடு தீவிர உளவழிச் சிகிச்சையும் பெற்றவரில், ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 64.4 பேர் மீண்டனர். சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவரில் மீண்டவர் 51.5 பேர். குடும்பத்தாரையும் உடன் அமர்த்திப் பேசுவது, உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் ஒழுங்குபடுத்துவது ஆகியவை அச்சிகிச்சையின் வகைகள்.

இதையறிந்தபின், மந்திரவாதியிடம் போகாமல், மருத்துவரிடமே கேள்விகளோடு போனேன். லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடும். அக்குறைவும் சோர்வாகவே வெளிப்படும். "அதைச் சோதித்தாயிற்றா? குருதியில் லித்தியம் போதிய அளவில் இருக்கிறதா? மின்னதிர்வுச் சிகிச்சை எனக்கு ஏற்குமா?" என்று கேட்டேன். திரைப்படங்கள் சித்திரவதையாகக் காட்டிய சிகிச்சைதான் அது. ஆனால் மயக்கமருந்தின்றி அதைத் தருவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. மருந்துக்கு அசையாத கடுஞ்சோர்வில் பலரைக் கரையேற்றிய சிகிச்சையும் அதுவே. பலன் இல்லையென்று மாத்திரைகளை நானே நிறுத்தவும் இல்லை. திடீரென நிறுத்தினால், அடங்கிய எழுச்சி மீண்டும் சீறும்.

மருத்துவர் அடுத்த வழியை ஆராயும் வரையில் நாட்களைக் கடத்தியாக வேண்டுமே! விருப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. ஆகவே விருப்பமின்றியே காலை 6 மணிக்கு எழுந்து, வாசல் வெளிச்சத்தில் அமர்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வேலை. ஒரு குடம் நீர் எடுத்து வைத்தால் அன்றைய கடன் தீர்ந்தது. இரவில், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நாட்குறிப்பில் எழுதுகிறேன். "நீ என்றுமே இப்படித்தான்" என்று சோர்வு பொய்ச்சாட்சி சொல்லும். "சென்ற மாதம் 12-ஆம் தேதி 5 அல்லவா?" என்று நாட்குறிப்பு குறுக்கு விசாரணை செய்யும்!

சாவே மேல் என்று தோன்றும் இரவுகளும் உண்டு. அதற்கென்று, தெளிவாயிருந்த நாளிலேயே அண்ணியாரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். மாத்திரைப் பெட்டி அவர் பொறுப்பில். "இன்று இருட்டு, அண்ணி" என்றால் போதும். அறிவுரை சொல்லாமல் அருகில் வந்து அமர்ந்திருப்பார். அப்படி ஒருவர் இல்லாத தோழருக்கு, மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நான் குணமடைந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். இந்த வாரத்து மதிப்பெண் 3. ஆனால் சோர்வுற்ற உள்ளத்திலும், "அடுத்து எதைச் சோதிக்கலாம்?" என்று கேட்கும் அறிவு அணையாமல் இருக்கிறது. தோழர்களே! உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் கிடக்கக்கூடும். விதியைப் பற்றி அவரிடம் பேசாதீர்கள். மருத்துவரிடம் போகத் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள். சொன்ன வேளைக்குப் போய் நில்லுங்கள்.