காதுக்குள் ஒரு சில்வண்டு

காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்குப் பிரெஞ்சில் 'அகூஃபேன்' என்று பெயர். எங்கள் வீட்டில் அது வெறும் 'கொய்ங்'. ஆறு வருடமாக என் இரண்டு காதுகளிலும் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. பகலில் தொல்லை இல்லை. இரவு தெரு அடங்கியதும் அது தன் கச்சேரியைத் தொடங்கிவிடும். இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பேன். "ஏங்க, இன்னிக்கும் தூங்கலையா?" என்று மனைவியின் குரல் படியில் கேட்கும்.

டாக்டர் செவித்திறனைச் சோதித்துவிட்டு, கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை என்றார். வயதானால் உள்காதின் மயிரணுக்கள் அழிந்துபோகின்றன. வரவேண்டிய செய்தி வராததால் மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைத் திருகினால் இரைச்சல்தானே வரும்! "அடியோடு போக்க மருந்து இல்லை. ஆனால் நிசப்தத்தில் படுக்காதீர்கள்" என்றார்.

இந்த யோசனை புதிதல்ல. பாரீசில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த இத்தார் 1821இல் காது நோய்கள் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். (அவேரோன் காட்டுச் சிறுவனை வளர்த்த அதே இத்தார்தான். த்ரூஃபோ எடுத்த படத்தில் த்ரூஃபோவே அவராக நடித்திருப்பார்.) இரைச்சலின் ஜாதியைப் பார்த்துத்தான் அவர் வைத்தியம் சொன்னார். 'ஹோ' என்று இரைந்தால் கணப்பில் நன்றாக எரியும் நெருப்பு. 'உஸ்' என்றால் ஈரம் காயாத பச்சை விறகு. மணியோசை போலிருந்தால் உலோகப் பாத்திரத்தில் மெல்லிய தாரையாக விழும் தண்ணீர். மின்சாரமே இல்லாத காலத்தில் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

எனக்குப் பச்சை விறகு வேண்டியிருக்கவில்லை. பழைய டேபிள் ஃபேன் போதும். அது ஓடாவிட்டால் கைபேசியில் மழைச் சத்தம். கொய்ங்கை அமுக்கிவிடும் அளவுக்கு வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்கவேண்டும். சில வாரங்களில் மனம் அதைப் பொருட்படுத்துவதை விட்டது. சத்தம் போகவில்லை, தூக்கம் வந்தது.

செவித்திறன் அறவே போனவர்களுக்கு ஃபேன் என்ன செய்யும்? அவர்களுக்குத்தான் காக்ளியர் இம்ப்ளாண்ட். ஒலியை மின்துடிப்பாக்கி நரம்புக்கே நேராகக் கொடுக்கிறார்கள். 1957இல் ஜூர்னோவும் எய்ரியேசும் பாரீசில் முதலில் செய்து பார்த்தது இதுதான். கேட்பதற்காகப் பொருத்திக்கொண்ட பலருக்கு இரைச்சலும் தணிந்திருக்கிறது. சிலருக்குக் கூடியதும் உண்டு. பொருத்திக்கொண்ட என் பழைய அலுவலக நண்பர், இரவில் வெளிக்கருவியைக் கழற்றினால் சத்தம் திரும்பிவிடுகிறது என்கிறார்.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, திடீரெனக் காது அடைத்துக் கேட்காமல் போனாலோ ஃபேனை நம்பி உட்காராமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

என் மனைவிக்கு இப்போது அந்த ஃபேன் ஓடாவிட்டால் தூக்கம் வருவதில்லை. கரண்ட் போனால் முதலில் எழுந்து உட்காருவது அவள்தான்.