எந்தக் கைக்கு?

அப்பா முப்பது வருடத்துக்கும் மேல் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டினார். அத்தனை வருடமும் அவர் சட்டைப் பையில் இருந்த மடக்குக்கத்தியை நான் ஒரு ராத்திரியிலும் அடுத்த நாள் காலையிலுமாகக் கெடுத்தேன். சுத்தம் செய்யலாம் என்றுதான் எடுத்தேன்.

பெரிய கத்தி இல்லை. மடக்கினால் உள்ளங்கையில் மறைந்துவிடும். கருமரப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை, மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அலகு. அலகின் அடியில் பாதி தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள். கூர்ந்து பார்த்தால் ‘ஷெஃபீல்டு’ என்று படிக்கலாம். விழுப்புரத்துக்கு வெளியே அப்பா வேலை பார்த்த நர்சரியின் முதல் முதலாளி கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒட்டுக்கு நடுக்கம் ஆகாது. ஒருநாள் நான் சென்னைக்குக் கிளம்பும்போது பையில் போட்டார். “வெச்சிக்கடா. இங்க சும்மாதான் கெடக்குது.”

சென்னையில் அது கூரியர் பெட்டிகளின் டேப்பைக் கிழித்தது. மத்தியானங்களில் கொய்யா நறுக்கியது. அலகு முழுக்கக் கறுப்பு. ஆபீஸில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “துரு புடிச்ச கத்தியிலயா பழம் நறுக்குற? செப்டிக் ஆயிடும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் அதை மேஜை மேல் எடுத்து வைக்கக் கூச்சமாக இருந்தது. உண்மையில் நான் துடைக்க நினைத்தது துருவை அல்ல, அந்தக் கூச்சத்தைத்தான் என்பது இப்போது புரிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான்கைந்து வீடியோ பார்த்தேன். வினிகரில் ஊறப்போட்டால் துரு கழன்றுவிடும் என்றார்கள். ஒரு டம்ளர் நிறைய வினிகர் ஊற்றிக் கத்தியை முழுசாக அதில் இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன். அலகை மட்டும் நனைக்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான் என்பதை அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்கிறார். நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டிருந்தேன்.

காலையில் மரப்பிடி ஊறிப் பருத்து, ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்திருந்தது. பித்தளை செம்பு மாதிரி சிவந்திருந்தது. அலகு சாம்பல் நிறமாகி, அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். புரொடக்‌ஷனில் ஒன்றை உடைத்துவிட்டால் பதறி மேலே மேலே கை வைக்காதே என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். உப்புத்தாளை எடுத்தேன். குழிகள் போகவில்லை, எழுத்துகள்தான் போயின. பிறகு டிரில்லிங் மெஷினில் கல் சக்கரத்தை மாட்டி, வாயை இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டினேன். பொறி பறந்தது. வாயோரம் முதலில் மஞ்சளாகி, பழுப்பாகி, மயில் கழுத்து மாதிரி நீலம் ஏறியது. அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்தேன்.

தோட்டத்துக் கறிவேப்பிலைக் குச்சி ஒன்றை வெட்டிப் பார்த்தேன். குச்சி நசுங்கியது. கத்தியின் வாய் தகரம் மாதிரி மடிந்துகொண்டது.

அன்று மத்தியானம் உட்கார்ந்து படித்தபோதுதான் நான் செய்தது என்ன என்று விளங்கியது. இரும்பில் ஏறுவதெல்லாம் ஒரே துரு இல்லை. செந்துரு உதிரும், ஈரத்தை உள்ளே விடும், தின்றுகொண்டே போகும். கறுப்புப் படலம் இரும்போடு ஒட்டிக்கொண்டு செந்துரு ஏறாமல் ஓரளவு காக்கும். பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தாலும் கறுப்புதான். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது அந்த முறையில்தான். அப்பாவின் கத்தியில் இருந்தது முப்பது வருட மாஞ்சாறு. நான் அழுக்கு என்று நினைத்தது அதன் தோல்.

நீல நிறம் அதைவிட மோசம். எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று முக்கினால் கண்ணாடி போலக் கெட்டியாகும், ஆனால் விண்ணென்று தெறித்துவிடும். அதனால் மறுபடி மெல்லச் சூடாக்கி விறைப்பைக் கொஞ்சம் தணிப்பார்கள். ஏறக்குறைய 220 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும், கத்திக்கு அங்கே நிறுத்த வேண்டும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம். வில்லுக்கு அது சரி, கத்தி வாய்க்கு ஆகாது. என் டிரில்லிங் மெஷின் ஒரு நிமிடத்தில் அந்தப் பதத்தைக் கொன்றுவிட்டது.

எம்.ஜி. ரோட்டில் ஒரு இரும்புச் சாமான் கடைக்காரர் கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். “இது சாணக்காரன் வேல இல்ல தம்பி. உல வேல. திண்டிவனத்தாண்ட ஒரு பெரியவரு பனையேறிங்களுக்குக் கத்தி அடிக்கிறாரு. அவருகிட்டப் போ.”

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. பையில் கத்தி, மனசில் அழிந்துபோன அந்த எழுத்துகள். ஷெஃபீல்டு என்ற பெயர் போனதுதான் ஏனோ அப்போது பெரிய இழப்பாகத் தெரிந்தது. போனில் அதைப் பற்றித் தேடிக்கொண்டே வந்தவன், சுற்றிக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கமே வந்து சேர்ந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தவர். பழைய தென்னார்க்காடு ஜில்லா. ஆலை நட்டப்பட்டது. இங்கிலாந்து திரும்பியவர் 1839இல், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் ஷெஃபீல்டில் நல்ல எஃகின் விலை இறங்கியது. அவருக்கு மிஞ்சியது வழக்குகள். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே அதே தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் மூசையில் எஃகு உருக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பற்றி சாரதா ஸ்ரீனிவாசன் 1994இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். உலகம் ‘உட்ஸ்’ என்று கொண்டாடிய எஃகு அது. இதையெல்லாம் பஸ்ஸில் போனில் படித்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு மூன்று அங்குலக் கத்தியைச் சுத்தம் செய்யத் தெரியவில்லை.

பட்டறை என்றால் கீற்றுக் கொட்டகைதான். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். துருத்தி போய் மின்விசிறி வந்திருந்தது. கரி வேலிகாத்தான் கரி. கத்தியை வாங்கியவர் ஒரு அரத்தை வாயோரம் மெல்ல இழுத்தார். அரம் கடித்தது. “பதமா இருந்தா அரம் வழுக்கிக்கினு போவணும். இது வெண்ணெ மாதிரி போவுது பாரு” என்றார். பிறகு பித்தளையைப் பார்த்தார். “புளி போட்டு ஊற வெச்சியா?”

“வினிகருங்க ஐயா.”

“எல்லாம் ஒண்ணுதான். புளிப்பு.” திந்திரிணி வனம், புளியங்காடு, அதுதான் திண்டிவனம் ஆனது என்பார்கள். அந்த ஊருக்கு வந்து புளிப்பின் குணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீலம் நுனி வரைக்கும் ஏறியிருந்தது. தேய்த்து எடுத்தால் கத்தியில் பாதிதான் மிஞ்சும். ஆணியைக் கழற்றி, அலகைத் தனியாக எடுத்து, மறுபடி காய்ச்சித் தோய்ச்சல் போட வேண்டும் என்றார். “பழைய இரும்பு. குழி வேற வுழுந்திருக்குது. தோய்க்கும்போது விண்டுக்கலாம், கோணிக்கலாம். ஒடைஞ்சா என்னக் கேக்கக் கூடாது. சம்மதம்னா சொல்லு.”

அதுவரை அப்பாவுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று இருந்தேன். இனி முடியாது. வெளியே வந்து போன் போட்டேன். வினிகரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் நாயனச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“என்ன எதுக்குக் கேக்குற? கத்தி உன்துதான” என்றார்.

“ஒடைஞ்சிடலாம்னு சொல்றாருப்பா.”

“ஒடைஞ்சா ஒடைஞ்சதுதான். இப்ப மட்டும் என்ன, வெட்டுதா?” போனை வைத்துவிட்டார்.

கோபமா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பெரியவர் கதவுப் பக்கம் ஒரு சாக்கை இழுத்துவிட்டு இருட்டாக்கினார். வெளிச்சத்தில் நெருப்பின் நிறம் ஏமாற்றும் என்றார். அலகு சிவந்து, இலந்தைப் பழச் சிவப்பாகி, அதைத் தாண்டிக் கொஞ்சம் வெளுக்கும் நேரத்தில் குறட்டால் எடுத்து எண்ணெயில் நேராக இறக்கினார். கடலை எண்ணெய். டிக்கென்று ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று எனக்கு மூச்சு நின்றது. புகை வந்தது, சத்தம் வரவில்லை. எடுத்துத் துடைத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மயிரிழை கோணியிருந்தது. “இது பரவால்ல.” அரத்தை இழுத்தார். வழுக்கியது.

பிறகு ஒரு பக்கத்தை மணலில் தேய்த்து வெள்ளையாக்கி, காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகிலிருந்து வைக்கோல் நிறம் மெல்ல நகர்ந்து வாயைத் தொட்டதும் தண்ணீரில் போட்டார். தெர்மாமீட்டர் ஏதும் இல்லை. பனையேறிகளின் பாளைக்கத்திக்கும் இதே பதம்தானாம். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும், கசங்கினால் ஊறல் நின்றுவிடும். “1987ல கள்ள நிறுத்துனாங்க. அப்பறம் யாரு பனையேறுறா? பதநீர் எறக்குற நாலு பேரு வராங்க. மத்தபடி கொடுவா, களக்கொட்டுதான்.”

சாணைக்கல்லில் வைக்கும் முன் நிறுத்தினார். “ஒட்டுக் கத்தின்னா ஒரு பக்கந்தான தீட்டுவாங்க. நீ ஏன் ரெண்டு பக்கமும் தேய்ச்ச?”

அது எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால்தான் வெட்டு தட்டையாக விழும். தட்டையாக விழுந்தால்தான் தாய்க்குச்சியின் பச்சைத் தோலும் கன்றின் பச்சைத் தோலும் இடைவெளி இல்லாமல் ஒட்டும். கொஞ்சம் குழிந்தாலும் காற்றுப் புகுந்து காய்ந்துவிடும். வீட்டில் முப்பது வருடம் சோறு போட்ட விஷயம் இது.

பெரியவர் அலகின் அடிப்பாகத்தை விரலால் தடவினார். நான் தொடாமல் விட்ட ஒரு சிறு இடம் அங்கே இருந்தது. “உங்கப்பா எடக்கையா?”

ஆமாம். அப்பா இடது கைக்காரர். சாப்பிட மட்டும் வலது கை. “சரிவு மாறிக் கெடக்குது பாரு. அவரே தேய்ச்சி மாத்தியிருக்காரு.” கடையில் விற்கிற கத்தி வலக்கைக்கு. அப்பா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டித் தன் கைக்குத் திருப்பியிருக்கிறார். ஷெஃபீல்டு எழுத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு வந்த எனக்கு, நான் உண்மையில் அழித்த எழுத்து எது என்று அப்போதுதான் தெரிந்தது.

“இப்ப எந்தக் கைக்குத் தீட்டறது?” என்றார். “நீ ரெண்டு பக்கமும் தின்னுட்ட. எப்பிடித் தீட்டினாலும் எனக்கு ஒரே வேலதான்.”

இடக்கைக்குத் தீட்டச் சொல்வதுதான் சரி என்று பட்டது. அப்பாவின் கத்தி அப்பாவின் கத்தியாகவே இருக்கும். ஆனால் அப்பா இனி அதைத் தொடப்போவதில்லை. என் வலக்கைக்கு அது உதவாது. மறுபடி மேஜை டிராயருக்குத்தான் போகும், இந்த முறை பளபளப்பாக. வலக்கைக்கு என்றால் அப்பாவின் கையை நானே வாய்விட்டுச் சொல்லி அழிக்கிறேன். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: “வேல செய்யிற கைக்குத்தான் தீட்டணும். மாட்டி வெக்கிறதுக்குன்னா எந்தப் பக்கமா இருந்தா என்ன?”

“வலக்கைக்கு” என்றேன்.

பிளந்த பக்கத்துக்குப் புளியமர வைரத்தில் ஒரு துண்டு செதுக்கி வைத்தார். புது பித்தளை ஆணி. நானூறு ரூபாய் வாங்கினார். சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்பா கத்தியை வாங்கித் திறந்தார். இடது கையில் பிடித்து ஒரு குச்சியைச் சீவினார். வெட்டு கோணிக்கொண்டு போனது. திருப்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “மாத்திட்டியா” என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் புளியமரத் துண்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, “நாளைக்கு லீவு போடு” என்றார்.

மறுநாள் பின்கட்டில் செம்பு நிறத் துளிர் விட்டிருந்த மாங்கன்றுகள் ஐந்தை எடுத்து வைத்தார். தலையை வெட்டச் சொன்னார், நடுவில் பிளக்கச் சொன்னார், தாய்க்குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரே இழுப்பு, இரண்டாவது இழுப்பு கூடாது. எனக்கு நான்கைந்து இழுப்பு ஆனது. “உனக்கு என்ன, கை நடுங்குது?” என்றார். பாலிதீன் நாடாவைக் கட்டும்போது மட்டும் அவர் நடுங்கும் விரல் ஒன்று வந்து முனையை அழுத்திக்கொண்டது.

ஐந்தில் நான்கு காய்ந்துவிட்டன. மூன்று வாரம் கழித்து ஒன்றில் மொட்டு உப்பியிருக்கிறது என்று அம்மா போட்டோ அனுப்பினாள். அது பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. கத்தியில் வாயிலிருந்து உள்நோக்கி லேசாகக் கறுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். வேறு எதுவும் செய்வதில்லை.