ஆறு என்றால் வழி

ரோமர் தடம் என்றதும் கண் கட்டடத்தைத் தேடுகிறது. பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டி நடப்பவர்களுக்கு அதில் சிரமமே இல்லை. கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய அந்தச் சுவர் வடக்கு டைன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் கோட்டை, குளியல் கூடம், பாலத்தின் அடிக்கற்கள் எல்லாம் கரையிலேயே கிடக்கின்றன. காலையில் புறப்பட்டு ஒரு வட்டமடித்து மாலைக்குள் திரும்பிவிடலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிங்காரப்பேட்டையில் நிற்பவருக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. ரோமர் இங்கே ஆளவில்லை. அவர்களுடைய காசும் கலயமும்தான் தமிழகத்துக்குள் வந்தன. காசு சுவர் எழுப்பாது, கைமாறி நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இந்தப் பக்கத்தில் ரோமைத் தேடுகிறவர் வழியைத்தான் தேட வேண்டும். நீரோடும் ஆற்றுக்கும் நடக்கும் பாதைக்கும் ‘ஆறு’ என்று ஒரே சொல்லை வைத்த மொழியில் அந்தத் தேடலை ஆற்றங்கரையில் தொடங்குவதே முறை.

புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலிய அரெட்டைன் மண்கலங்கள் கிடைத்தன. இரண்டு ஆண்டு கழித்து மைசூர் மேட்டுநிலத்தில், சித்ரதுர்கா பக்கம், சந்திரவள்ளியில் அவரே அகழ்ந்தார். அந்த ஊரில் ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது. திருக்கோவலூரில் தென்பெண்ணையின் மணலும் ரோமானியச் செப்புக்காசுகளைத் தந்திருக்கிறது. கடற்கரையிலும் ரோம், மேட்டுநிலத்திலும் ரோம், இடையே மலை. அந்த மலையில் இயற்கை திறந்துவிட்ட வாசல்கள் சிலவே. அவற்றுள் ஒன்று ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள செங்கம் கணவாய். அதன் மேற்கு வாயிலில் இருப்பது சிங்காரப்பேட்டை. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் என்று வரும் நெடுஞ்சாலை இன்றும் இதன் வழியாகத்தான் கிருஷ்ணகிரிக்கு ஏறுகிறது.

இந்தக் கணவாயில் ஒரு ரோமானியக் காசாவது கிடைத்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காசை வைத்து நான் வாதாடவில்லை, போக்குவரத்தை வைத்தே வாதாடுகிறேன். மேட்டுநிலத்துத் தகடூரின் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை, அதாவது திருக்கோவலூரை, வென்றதைப் புறநானூறு சொல்கிறது. அது புலவரின் புகழ்ச்சியாக இருக்கலாம் என்பவர்களுக்கு 1981-இல் ஜம்பையிலிருந்து பதில் வந்தது. தென்பெண்ணைக் கரையை ஒட்டிய அந்த ஊரின் குகையில் அதியமானைச் சத்தியபுத்திரன் என்று குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அசோகர் சாசனங்களில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய வழக்கும் அதோடு தீர்ந்தது. மேட்டுநிலத்துத் தலைவனின் கை கீழே ஆற்றங்கரை வரை நீண்டிருக்கிறது என்றால், படையும் பொதியும் இறங்க வழி இருந்தது. 1767 செப்டம்பரில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இந்தக் கணவாய் வழியே பின்வாங்கிய ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித்தின் படையை ஐதர் அலி செங்கத்தில் மறித்துப் போரிட்டார். நூற்றாண்டுகள் எத்தனை மாறினாலும் மலை வாசலை மாற்றிக்கொள்வதில்லை.

இந்த நிலத்தில் எப்படி நடப்பது என்பதற்குக் கையேடும் இருக்கிறது. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் 583 அடி நூல். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பரிசில் தரும் வள்ளலைப் புகழ்வதே நோக்கம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. புகழுக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை. பன்றிக்குத் தோண்டிய பொறிக்குழி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எப்படி வரும், வழுக்குப் பாறையில் எப்படிக் கால் வைப்பது, சேயாற்றை எப்படிச் சேர்வது என்றெல்லாம் சொல்கிறது. வழியில் நடுகல் கண்டால் வணங்கிச் செல்லச் சொல்கிறது. பாதை பிரியும் கவர்வழி வந்தால் பின்னால் வருபவர் தவறிப் போகாமலிருக்க, போன வழியில் புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறது. தனக்குப் பின் வருபவனை நினைத்த இந்த ஓர் அக்கறைக்காகவே அந்த நூலை நான் மிக உயர்வாக வைப்பேன்.

பாட்டு சொன்ன நடுகல் மரபு இங்கே பல்லவர் காலத்திலும் தொடர்ந்தது. வட்டெழுத்து பொறித்த கற்கள் செங்கத்தைச் சுற்றி ஏராளம். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாய் கோவிவனும் இருக்கிறது; இரண்டு கள்வரைக் கடித்து நின்ற நாய் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ரோமுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் நெடுங்காலம் புழங்கிய வழியில் ஒரு காலத்தை மட்டும் பிரித்தெடுத்து நடக்க முடியாது. சிங்காரப்பேட்டையில் புறப்பட்டுக் கணவாய் வழியே செங்கத்துக்கு இறங்கி, எடுத்தனூர் கண்டு, ஜம்பையில் தென்பெண்ணையைத் தொட்டு, ஆற்றோடு மேலேறிப் பாம்பாற்றுப் பக்கமாகத் திரும்பினால் ஒரு வட்டம் முடியும். 1958-இல் வந்த சாத்தனூர் அணை பழைய கரையை மூழ்கடித்துவிட்டதே என்றால், உண்மைதான். அந்த இடத்தில் நீர்த்தேக்கத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். பல நாள் நடை அது. அதற்கு மண்டபமும் சீட்டுக் கொடுக்கும் வாசலும் வேண்டாம். கவர்வழிகளில் ஊர்ப் பெயர் எழுதிய கல் நட்டால் போதும், புல் முடிந்து வைத்ததுபோல.