பதரென்று ஒதுக்கியவை

நெல்லைத் தூற்றுமிடத்து மணி காலடியில் விழ, பதர் காற்றோடு போய்விடும். மனிதனின் பரம்பரைப் பொருளை ஆராய்ந்த அறிஞர் பலரும் நெடுங்காலம் அவ்வாறே தூற்றினர். உடம்பை ஆக்கும் புரதங்களுக்குரிய கட்டளைகள் அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே. அக்கட்டளைகளைப் படியெடுத்துச் செல்லும் தூதன் ஆர்.என்.ஏ. எஞ்சியதிற் பெரும்பகுதி பதரெனப்பட்டது.

ஆனால் பதரிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிறக்கின்றது. புரதம் எதனையும் ஆக்காத அத்தகைய சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. ஒன்று, வேறொரு கட்டளையை நிறைவேறவிடாது தடுப்பதை, 1 மில்லிமீற்றர் நீளமுள்ள புழுவிலே கண்டு 1993இல் வெளியிட்டனர், அமெரிக்க அறிஞர்களான விக்டர் அம்புரோசும் கேரி ருவ்குனும். அதற்காக 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றை நான் தேடிப் படித்தது கல்வி விருப்பத்தாலன்று. என் தமக்கையாருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டு, கட்டியை அகற்றிய இரண்டாம் ஆண்டில் அது ஈரலிலே தோன்றிற்று. "குடலில் இருந்ததை எடுத்துவிட்டார்களே, ஈரலுக்கு எப்படிப் போயிற்று, தம்பி?" என்று கேட்டார். குடலிலிருந்து செல்லும் குருதி முதலில் ஈரலையே அடைகிறது என்றார் வைத்தியர். வழி விளங்கிற்று. ஆயின், கட்டியை விட்டுக் கிளம்பும் வல்லமை அக்கலத்துக்கு எவ்வாறு வந்தது?

அதற்குரிய விடையில் ஒரு பகுதி அப்பதரினுள்ளே இருக்கின்றது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 என்பது இந்நோயில் மிகுந்து காணப்படும். கலத்தின் பெருக்கத்துக்கும் பரவலுக்கும் கடிவாளமாயுள்ள சில புரதங்களை அது ஆக்கவிடாது தடுக்கின்றது. கலத்தை அடக்கிவைக்க உதவும் 143, 145 என்பனவோ குறைந்துவிடுகின்றன. நீண்ட இனத்தைச் சேர்ந்த ஹொட்டெயர் என்பது கட்டளைகள் சிலவற்றைப் பூட்டிவைக்கத் துணைபோகிறது; ஈரலுக்குப் பரவிய நோயாளரின் கட்டிகளில் அது மிகுந்திருந்ததை 2011இல் யப்பானிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஏவுவனவும் அடக்குவனவும் ஓரினத்திலேயே உள்ளன.

இவற்றைக் குருதியிலும் மலத்திலும் அளந்து நோயை முன்னறியவும், அடக்கிப் பரவலைத் தடுக்கவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. இவ்வழிச் சிகிச்சை நோயாளரின் கட்டிலருகே வழக்கமாக வந்துசேரவில்லை. தமக்கையாருக்கு அதுவரை காத்திருக்கும் காலம் கிட்டவில்லை.

நம் கையிலுள்ளது ஒன்றுண்டு. மலத்தில் இரத்தங் கண்டாலோ, மலங்கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, மூலமென்று நாமே பெயரிட்டு வாளாவிருத்தல் கூடாது. வெட்கத்தை விடுத்து வைத்தியரிடம் செல்லவேண்டும். குடலிலே தோன்றும் சிறு முளையைப் புற்றாக மாறுமுன் அகற்றிவிட்டால், அதிலிருந்து ஈரலுக்குச் செல்ல எதுவும் இராது.